கடலோரத்துப் பள்ளி: காத்தோங் செயின்ட் பேட்ரிக்ஸின் கதை

மரின் பரேடுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் நீங்கள் கேட்டவை இரண்டு. ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் இருக்கும் செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளியை ஏன் வயதானவர்கள் கடற்கரைப் பள்ளி என்கிறார்கள், அங்கே கடலே இல்லையே என்பது ஒன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆஸ்திரேலியத் தாதியரை ஜப்பானியர்கள் அந்தக் கட்டடத்தில் வைத்துத்தான் சுட்டுக் கொன்றார்களா என்பது இன்னொன்று.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, அங்கே சுடவில்லை. சிங்கப்பூரில் ஜப்பானியர்கள் மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளிகளையும் மருத்துவப் பணியாளர்களையும் கொன்றது அலெக்ஸாண்ட்ரா மருத்துவமனையில். அது பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனை. தீவின் இன்னொரு பக்கம். ஆஸ்திரேலியத் தாதியர் கொல்லப்பட்டது சுமத்ராவை ஒட்டிய பங்கா தீவில். இந்த இரண்டு சம்பவங்களும் 1942 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் நடந்தவை. அதனால் பேச்சுவாக்கில் ஒன்றோடொன்று கலந்து, செயின்ட் பேட்ரிக்ஸ் தலையில் வந்து விழுந்துவிட்டன. ஆனால் பங்கா கடற்கரையில் இறந்தவர்களில் பலர் அதற்குச் சில நாள் முன்புவரை வேலை பார்த்தது இந்தப் பள்ளிக் கட்டடத்தில்தான். அந்த அளவில் நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை உண்டு.

இனி முதல் கேள்வி. இந்தக் கட்டடத்தின் கதை முழுவதும் கடலோடு பின்னிக் கிடக்கிறது. இன்று வரைபடத்தைப் பார்த்தால் பள்ளிக்குத் தெற்கே மரின் பரேட் சாலை, அப்புறம் கழக வீடுகள், ஈசிபி விரைவுச்சாலை, அதையும் தாண்டி ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. அதற்குப் பிறகுதான் தண்ணீர். அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். பள்ளி கட்டிய காலத்தில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. பள்ளி நிலம் முடிந்த இடத்தில் மணல். மணல் முடிந்த இடத்தில் கடல்.

1930களின் காத்தோங்கை மனத்தில் கொண்டுவாருங்கள். நகரத்து நெரிசலுக்குக் கிழக்கே, தென்னந்தோப்பும் கடற்காற்றுமாக இருந்த புறநகர். வசதியுள்ள பெரனக்கான் சீனர்களும், யூரேசியர்களும், ஐரோப்பியர்களும் கடலோரத்தில் பங்களா கட்டிக்கொண்டு வந்து தங்கிய இடம். உப்புக் காற்றுக்கும் ஓதத்துக்கும் பயந்து, பல பங்களாக்களைத் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டியிருந்தார்கள். நம்மவர்களும் பக்கத்தில் இருந்தார்கள். சிலோன் ரோட்டில் செண்பக மரத்தடியில் தொடங்கிய ஸ்ரீ செண்பக விநாயகர் கோயிலை யாழ்ப்பாணத் தமிழர்கள் நடத்திவந்தார்கள், இன்றும் நடத்துகிறார்கள். யூரேசியர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். அவர்கள் காத்தோங்கில் பெருகப் பெருக, தேவாலயமும் பள்ளியும் அந்தப் பக்கம் வரத்தான் வேண்டும். திருக்குடும்பத் தேவாலயமும், பெண்களுக்கான காத்தோங் கான்வென்ட்டும் அந்தப் பகுதியில் வேரூன்றியது இந்தப் பின்னணியில்தான். ஆண்பிள்ளைகள் மட்டும் படிக்கப் பட்டணத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

பட்டணத்தில் என்றால் பிராஸ் பாசா சாலையில் இருந்த செயின்ட் ஜோசப்ஸ் இன்ஸ்டிடியூஷன். 1852ல் லசால் சகோதரர்கள் தொடங்கிய பள்ளி அது. இந்தச் சகோதரர்களைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் புனித ஜான் பாப்டிஸ்ட் டி லசால் என்பவர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவதற்காகவே ஏற்படுத்திய துறவற சபை இவர்களுடையது. இவர்கள் பாதிரியார்கள் அல்ல. பூசை வைக்க மாட்டார்கள், பாவசங்கீர்த்தனம் கேட்க மாட்டார்கள். கற்பிப்பதுதான் இவர்களுடைய துறவு. தூத்துக்குடிக்காரர்களுக்கு அங்குள்ள லசால் பள்ளி வழியாக இந்தப் பெயர் தெரிந்திருக்கும். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அதே 1852ல் இவர்கள் காலெடுத்து வைத்தார்கள். பிராஸ் பாசாவின் அந்தப் பழைய கட்டடம், அரைவட்டமாக இரண்டு சிறகு விரித்த மாதிரி நிற்பது, 1996ல் சிங்கப்பூர் கலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதற்குப் பாதுகாக்கப்பட்ட தேசிய நினைவுச்சின்னம் என்ற மதிப்பு இருப்பதால் ஊரெல்லாம் தெரியும். காத்தோங் கட்டடத்துக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஆனால் பட்ட பாட்டில் அது எந்தக் கட்டடத்துக்கும் குறைந்ததல்ல.

1933ல் செயின்ட் ஜோசப்ஸின் கிளையாகத்தான் செயின்ட் பேட்ரிக்ஸ் ஆரம்பித்தது. பேட்ரிக் அயர்லாந்தின் பாதுகாவலர். அப்போது மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றிய லசால் சகோதரர்களில் அயர்லாந்துக்காரர்கள் நிறையப் பேர். கடலோரத்தில் பரந்த நிலம், விளையாட்டுத் திடல், பெரிய பெரிய வகுப்பறைகள், மழைச்சாரல் உள்ளே வராமல் காற்று மட்டும் வரும்படியான அகன்ற நடைவழிகள். அந்தக் கால மிஷன் பள்ளிகளை யார் கட்டினாலும் இப்படித்தான் கட்டினார்கள். மின்விசிறிகூட ஆடம்பரமாக இருந்த நாளில், நாற்பது பையன்கள் அடைந்து உட்காரும் அறையில் காற்று ஓடியாக வேண்டும். அதற்கு உயரமான கூரை வேண்டும், எதிரெதிர் ஜன்னல் வேண்டும், வெளியே நிழல் தரும் நடைவழி வேண்டும்.

இந்த அமைப்பை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பையன்களுக்காகச் செய்த ஒவ்வொரு ஏற்பாடும் ஒரு ராணுவ மருத்துவமனைக்குத் தேவையான ஏற்பாடு. நீண்ட அறையில் கட்டில்களை இரண்டு வரிசையாகப் போட்டால் அது வார்டு. நடைவழியில் ஸ்ட்ரெச்சர் தடையில்லாமல் போகும். திடலில் ஆம்புலன்ஸ் நிற்கும், கூடாரமும் அடிக்கலாம். போர் வந்தால் உலகம் முழுக்க ராணுவம் முதலில் கேட்டு வாங்குவது பள்ளிக்கூடங்களைத்தான். சிங்கப்பூரிலும் அதுதான் நடந்தது.

1941 செப்டம்பர் 15 அன்று வாங்கனெல்லா என்ற மருத்துவக் கப்பல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் 2/13ஆவது பொது மருத்துவமனை என்ற படைப்பிரிவு அதில் வந்தது. பெயர் மருத்துவமனை என்றாலும் அது ஒரு கட்டடமல்ல. மருத்துவர்கள், தாதியர், உதவியாளர்கள், கருவிகள் எல்லாம் சேர்ந்த, இடம் விட்டு இடம் பெயரக்கூடிய பிரிவு. மெல்பர்னில் அவசர அவசரமாகத் திரட்டப்பட்டது. அவர்களுக்கு முதலில் கொடுக்கப்பட்ட இடம் செயின்ட் பேட்ரிக்ஸ். அப்போது இங்கே சண்டை இல்லை. மலாயாவில் நிறுத்தப்பட்டிருந்த ஆஸ்திரேலிய எட்டாவது டிவிஷன் வீரர்களுக்கு மருத்துவம் பார்க்கத்தான் இவர்கள் வந்தார்கள். நவம்பரில் பிரிவு ஜோகூரில் உள்ள தம்போய்க்கு மாறியது; அங்கே ஒரு மனநல மருத்துவமனைக் கட்டடத்தை ஜோகூர் சுல்தான் கொடுத்திருந்தார். டிசம்பர் 8 அன்று ஜப்பானியர்கள் கோத்தாபாருவில் இறங்கினார்கள். அதற்குப் பிறகு தீபகற்பம் முழுக்கப் பின்வாங்கல். ஜனவரி கடைசியில், ஜோகூர் பாலம் தகர்க்கப்படுவதற்கு முன்னால், 2/13 மறுபடியும் காத்தோங்குக்கே வந்தது.

இந்த இரண்டாவது வருகைதான் செயின்ட் பேட்ரிக்ஸ் வரலாற்றின் கனத்த பகுதி. முதல் முறை வந்தபோது காய்ச்சலும் விபத்துக் காயமும் பார்த்த அதே அறைகளில், இப்போது குண்டு துளைத்தவர்களும் கை கால் இழந்தவர்களும் வந்து குவிந்தார்கள். 1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர்கள் தீவின் வடமேற்கில் கரையேறினார்கள். அந்தக் கரையைக் காத்து நின்றது ஆஸ்திரேலியப் படை. ஆகவே காயம்பட்டவர்களில் பெரும்பங்கு இந்த மருத்துவமனைகளுக்குத்தான் வந்தது. ஆஸ்திரேலியர்களின் இன்னொரு பெரிய மருத்துவமனையான 2/10 புக்கித் தீமா பக்கம் இருந்தது. அதுவும் ஒரு பள்ளி விடுதிக் கட்டடத்தில்தான். அது மெதடிஸ்டுகளுடைய ஓல்டம் ஹால்.

இங்கே ஒரு விஷயத்தை வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். கடைசி நாட்களில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் படைகளை நகரத்தைச் சுற்றி ஒரு வளையமாகச் சுருக்கினார். அந்த வளையத்தின் கிழக்கு முனை காலாங். காத்தோங் காலாங்குக்கும் கிழக்கே. எல்லோரும் நகரத்துக்குள் ஒடுங்கிக்கொண்டிருந்தபோது, நூற்றுக்கணக்கான நோயாளிகளோடு இந்த மருத்துவமனை அந்த ஓரத்தில் கிடந்தது. முன்னால் கடல், மேலே விமானம், பின்னால் நெருங்கிவரும் எதிரி.

தாதியரை வெளியேற்ற வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது அவர்கள் போக மறுத்தார்கள். நோயாளிகளை விட்டுவிட்டுப் போவதா என்பதுதான் அவர்கள் கேள்வி. ஜப்பானியர்கள் பிடித்த ஹாங்காங்கில் தாதியருக்கு நேர்ந்த கொடுமை ராணுவ அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் இது கேட்டுச் செய்கிற விஷயமாக இருக்கவில்லை, கட்டளையாக வந்தது. ஒரு குழு எம்பயர் ஸ்டார் கப்பலில் ஏறியது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் திணித்துக்கொண்டு பிப்ரவரி 12 அன்று புறப்பட்ட அந்தக் கப்பலை விமானங்கள் தாக்கின. மேல்தளத்தில் கிடந்த காயம்பட்டவர்களைத் தன் உடம்பால் மூடிக் காத்ததற்காக மார்கரெட் ஆண்டர்சன் என்ற தாதிக்குப் பின்னர் ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. அவரும் 2/13ஐச் சேர்ந்தவர். அந்தக் கப்பல் பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, போய்ச் சேர்ந்துவிட்டது.

மிச்சமிருந்த 65 தாதியர் அதே பிப்ரவரி 12 அன்று செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் கூடி, அங்கிருந்து துறைமுகம் போய், மாலையில் வைனர் புரூக் என்ற சிறிய கப்பலில் ஏறினார்கள். 2/13இன் தலைமைத் தாதி ஐரீன் டிரம்மண்ட் அவர்களில் ஒருவர். பிப்ரவரி 14 அன்று பங்கா நீரிணையில் குண்டு வீசிக் கப்பலை மூழ்கடித்தார்கள். 12 தாதியர் கடலிலேயே போனார்கள். 22 பேர் ராட்ஜி என்ற கடற்கரையில் ஒதுங்கினார்கள். அவர்களோடு காயம்பட்ட ஆண்களும், பெண்களும், குழந்தைகளும். சரணடைவது என்று முடிவு செய்து, பெண்களையும் குழந்தைகளையும் மூந்தோக் ஊர்ப் பக்கம் நடக்கச் சொன்னது டிரம்மண்ட். தாதியர் மட்டும் காயம்பட்டவர்களோடு தங்கிவிட்டார்கள். தப்பித்துப் போகும் கூட்டத்தோடு அவர்களும் போயிருக்கலாம். போகவில்லை. செயின்ட் பேட்ரிக்ஸில் எந்தக் காரணத்துக்காகக் கிளம்ப மறுத்தார்களோ, அதே காரணத்துக்காக.

பிப்ரவரி 16 அன்று ஜப்பானிய வீரர்கள் வந்தார்கள். ஆண்களைக் கொன்றார்கள். பிறகு தாதியரைக் கடலுக்குள் நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து எந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். 21 பேர் இறந்தார்கள். பிழைத்தது விவியன் புல்விங்கிள் ஒருவர். குண்டு இடுப்புப் பக்கமாகத் துளைத்து வெளியேறியிருந்தது. காட்டில் ஒளிந்திருந்து, பிறகு வேறு வழியில்லாமல் சரணடைந்தபோது, சீருடையில் குண்டு போட்ட ஓட்டை தெரியாதபடி தண்ணீர்க் குடுவையை அதன் மேல் தொங்கவிட்டுக்கொண்டார். நடந்ததைப் பார்த்த சாட்சி உயிரோடிருப்பது தெரிந்தால் கொன்றுவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சீருடை கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது. அவரும் 2/13இன் தாதிதான். ஜனவரி கடைசியில் தம்போயிலிருந்து காத்தோங்குக்குத் திரும்பி வந்தவர்களில் ஒருவர். போர் முடிந்தபின் 1946ல் தோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் அவர் சாட்சி சொன்னார். சிறைப்பட்ட 32 பேரில் எட்டுப் பேர் முகாமிலேயே இறந்துபோக, 24 பேர் ஊர் திரும்பினார்கள். 2023ல் கான்பெராவில் புல்விங்கிளுக்குச் சிலை வைத்தார்கள்.

செயின்ட் பேட்ரிக்ஸில் மருத்துவர்களும் ஆண் உதவியாளர்களும் நோயாளிகளோடு கடைசிவரை இருந்தார்கள். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. ஜப்பானியர்கள் எல்லோரையும் சாங்கிக்குப் போகச் சொன்னார்கள். காயம்பட்டவர்கள் அங்குள்ள ராபர்ட்ஸ் முகாம் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். காத்தோங் கட்டடத்தின் மருத்துவமனை வாழ்க்கை அதோடு முடிந்தது.

நம் மக்களுக்கு ஆர்வமிருக்கும் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஜப்பான்காரன் காலத்தில் இதே காத்தோங் கடலோரத்தில், மேயர் ரோட்டில் இருந்த ஒரு பங்களாவில்தான் 1943லிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தங்கியிருந்தார். தோட்டப்புறத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்ததும் அந்தக் காலத்தில். ஒரே கடற்கரை, சில கிலோமீட்டர் தூரம், ஒன்றரை வருட இடைவெளி. இரண்டு வரலாறுகளையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம்தான்.

போருக்குப் பிறகு பள்ளி மறுபடி பள்ளியானது. அடுத்த இருபது வருடம் பையன்கள் வகுப்பு முடிந்தால் கடலில் கிடந்தார்கள் என்று பழைய மாணவர்கள் சொல்லக் கேட்கலாம். உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதும் இதுவாகத்தான் இருக்கும்.

கடல் போனது 1966ல் தொடங்கிய கடல் தூர்க்கும் திட்டத்தால். சிக்லாப், பிடோக் பகுதிகளில் இருந்த குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கன்வேயர் பெல்ட் வழியாகக் கரைக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். கட்டம் கட்டமாக ஏறக்குறைய இருபது வருடம் வேலை நடந்தது. மொத்தம் 1,525 ஹெக்டேர் நிலம் கிடைத்தது. சாங்கியிலிருந்து மரினா வரை தென்கிழக்குக் கரையே மாறிப்போனது. நீங்கள் குடியிருக்கும் மரின் பரேட், தூர்த்த நிலத்தின் மேலேயே முழுக்க முழுக்க எழுப்பப்பட்ட முதல் வீடமைப்புப் பேட்டை, 1970களில் கட்டியது. அதாவது உங்கள் வீட்டுக்கு அடியில் இருக்கும் மண் ஒரு காலத்தில் பிடோக்கில் குன்றாக நின்றது. வீடமைப்புக்கு நிலம் வேண்டியிருந்தது. அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடலோரத்தில் கட்டிய பங்களாக்களும் பள்ளியும் ஓட்டல்களும் எந்தக் காரணத்துக்காக அங்கே வந்தனவோ, அந்தக் காரணம் ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிட்டது. பெரும்பாலான பங்களாக்களை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். செயின்ட் பேட்ரிக்ஸ் நின்றதற்குக் காரணம், பள்ளி தொடர்ந்து நடந்ததுதான்.

அதற்குப் பிறகும் இந்த வளாகம் சிங்கப்பூருக்கு ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த லசால் சகோதரர் ஜோசப் மெக்நெல்லி இந்தப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர், சிற்பி. பல்லாயிரம் வருடம் அயர்லாந்துச் சதுப்பில் புதைந்து கறுத்துப்போன கருவாலி மரத்தை வரவழைத்து அதில் சிற்பம் செய்வார். கலை படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் போதிய இடமில்லை என்று நினைத்து, 1984ல் செயின்ட் பேட்ரிக்ஸ் கலை மையம் என்று ஒன்றைத் தொடங்கினார். கையில் பெரிய பணம் கிடையாது, அரசாங்கமும் அப்போது பொறியியலையும் வணிகத்தையும் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அந்த மையம்தான் லசால் கலைக் கல்லூரியாக வளர்ந்து, இடம் மாறி மாறி, 2007ல் ரோச்சோர் அருகே இன்றைய வளாகத்துக்குப் போனது. அந்தத் தெருவுக்கு மெக்நெல்லி ஸ்திரீட் என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவர் 2002ல் காலமாகிவிட்டார், அதைப் பார்க்கவில்லை. லிட்டில் இந்தியாவுக்குப் போகும்போது கண்ணாடிச் சுவர்களோடு பாறை பிளந்த மாதிரி நிற்கிறதே, அந்தக் கல்லூரிதான். அதன் பிறப்பிடம் காத்தோங் என்பது அங்கே படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

இனி நடைமுறை விஷயம். பள்ளி இன்றும் ஆண்பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளியாக நடக்கிறது. ஆகவே நினைத்தபோது உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்க முடியாது. அலுவலகத்தில் முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பதாக இருந்தால் ஈஸ்ட் கோஸ்ட் சாலையிலிருந்து செயின்ட் பேட்ரிக்ஸ் சாலை வழியாகத் தெற்கே மரின் பரேட் சாலை வரை நடந்து வாருங்கள். பழைய கரை அங்கேதான் இருந்தது. அதற்கப்பால் நீங்கள் மிதிப்பதெல்லாம் 1966க்குப் பின் வந்த நிலம். தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் 2024 ஜூனில் திறந்த மரின் டெரஸ் நிலையத்தில் இறங்கினால் அந்தப் பகுதிக்கு வந்துவிடலாம். தாதியரின் பெயர்களைப் பார்க்க விரும்பினால் கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போக வேண்டும். கல்லறை இல்லாமல் போனவர்களுக்கான நினைவுச் சுவர்களில் 24,000க்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. சீக்கிய, கூர்க்கா, மலாய், தமிழ்ப் பெயர்களுக்கு நடுவே ஐரீன் டிரம்மண்டின் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. நுழைவாயிலில் பெயர்ப் பதிவேடு வைத்திருப்பார்கள். எந்தத் தூணில் தேட வேண்டும் என்பதை அதில் பார்த்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் வெயிலில் அலைய வேண்டியிருக்கும்.